மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே அறிவியல், ஒரே வரலாறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் விழுப்புரம் மாவட்டத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள், இருவரையும் வீட்டில் வைத்தே படிக்க வைக்கிறாராம். தமிழும் கணக்கும் எப்படியோ ஓடுகிறது, அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் எதை எடுப்பது, ஆளுக்கொரு பாடத்திட்டம் வாங்கினால் கட்டுப்படியாகுமா என்று கேட்டிருந்தார். அதற்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மறுமொழி எழுதினார்: அந்தந்த வகுப்புப் புத்தகத்தை அந்தந்தப் பிள்ளைக்கு வரிசையாக நடத்துங்கள், குழப்பமே வராது என்று. பெரியவர் அக்கறையோடுதான் சொல்கிறார். நாற்பது பிள்ளைகள் ஒரே வயதில் உட்கார்ந்திருக்கும் வகுப்பறைக்கு அது சரி. வீட்டில் அப்படிச் செய்தால் அந்த அம்மா தீபாவளிக்குள் களைத்துப் போவார்.

நான் அரியலூர்க்காரி. பத்து வயதில் பெண், ஏழிலும் ஐந்திலும் பையன்கள். கணவருக்கு ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏன் அனுப்பவில்லை என்ற கதை இங்கே வேண்டாம்; கல்யாண வீடுகளில் சொல்லிச் சொல்லி எனக்கே வாய் வலித்துவிட்டது. சான்றிதழ் பற்றிக் கேட்பவர்களுக்கு மட்டும் ஒரு வரி: பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம், பதினான்கு முடிந்தால் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். அதற்கு முன்னால் கிடைக்கும் வருடங்களை எப்படிச் செலவழிப்பது என்பதுதான் அந்த அம்மாவின் கேள்வி, என்னுடையதும் அதுதான்.

கணக்கு ஒரு படிக்கட்டு. கூட்டல் தெரியாமல் பெருக்கலுக்குப் போக முடியாது. எழுத்துக்கூட்டி வாசிப்பதும் அப்படித்தான். அவற்றில் மூன்று பேரையும் ஒரே பாயில் உட்கார வைத்தால் ஒருத்தி கொட்டாவி விடுவாள், ஒருவன் அழுவான். ஆனால் பத்து, பதினொரு வயது வரை அறிவியலிலும் வரலாற்றிலும் இந்தப் படிவரிசை கிடையாது. தவளையைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான் காந்தத்தைத் தொடலாம் என்று யார் சொன்னது? மூன்றாம் வகுப்பில் நிலா, நான்காம் வகுப்பில் செடி என்று பிரித்து வைத்தது அச்சடிப்பவர்களின் வசதிக்காக. ஒரே ஏரியை ஐந்து வயதுக்காரனும் பார்க்கலாம், பத்து வயதுக்காரியும் பார்க்கலாம். அவனுக்கு அதில் கொக்கு தெரியும், அவளுக்கு மதகு தெரியும்.

அதனால் எங்கள் வீட்டில் தமிழ், ஆங்கிலம், கணக்கு மூன்றும் ஆளுக்கேற்றபடி காலையில் நடக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே பாடம். அதில் என்ன வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் என் நாத்தனார், அங்கே வீட்டுக்கல்விக் குடும்பங்கள் பயன்படுத்தும் பாடப்பெட்டி ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கி, ஊருக்கு வரும்போது தூக்கிக்கொண்டு வந்தார். அழகான புத்தகங்கள். குடும்பம் முழுக்க ஒன்றாகப் படிக்கலாம் என்ற யோசனையே அவர்கள் நன்றாக யோசித்துச் செய்ததுதான், அதில் நான் நிறையக் கற்றுக்கொண்டேன். வரலாறு எகிப்தில் தொடங்கி, கிரேக்கம், ரோம் என்று நான்கு வருடச் சுற்றாகப் போகிறது. அறிவியல் புத்தகத்தைத் திறந்தால், பூமியின் வயதே சுமார் 6,000 வருடம்தான், புதைபடிவங்கள் எல்லாம் ஒரு பெருவெள்ளத்தில் உண்டானவை என்று எழுதியிருக்கிறது. அங்கே ஒரு சாராருக்கு அது மத நம்பிக்கை. அவர்கள் பிள்ளைகளுக்கு அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் அரியலூரில் உட்கார்ந்துகொண்டு, காலுக்குக் கீழே கிடக்கும் கல்லைக் காட்டி இதை நான் எப்படிச் சொல்வது? இறக்குமதிப் பாடத்திட்டம் வாங்குகிறவர்கள் அட்டையைப் பார்த்துப் பணம் கட்டாமல், பூமியின் வயது என்ன போட்டிருக்கிறது என்று முதலில் ஒரு பக்கம் புரட்டிப் பாருங்கள். உள்ளூர் நிறுவனம் ஒன்றும் என்னிடம் பேசியது. தலைக்கு இவ்வளவு என்று கட்டணம், மூன்று பேருக்கும் மூன்று தனித்தனிக் காணொளி வரிசை. மூன்று பேர் மூன்று மூலையில் போனைப் பார்ப்பதற்கு எதற்கு வீட்டுக்கல்வி என்று விட்டுவிட்டேன்.

எங்கள் ஊரைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். அரியலூர், பெரம்பலூர் பக்கம் முழுக்க ஒரு காலத்தில் கடல். காரை, குன்னம், கருடமங்கலம் என்று நீங்கள் எந்தப் பக்கம் போனாலும் கல்லுக்குள் சிப்பியும் நத்தையும் தெரியும். 1840களிலேயே வெள்ளைக்காரர்கள் வந்து பொறுக்கி லண்டனுக்கு அனுப்பினார்கள். இன்று உலகத்தில் கிரெட்டேசியஸ் காலத்தை, அதாவது டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலகட்டத்தைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு எங்கள் குக்கிராமங்களின் பெயர் தெரியும், எங்கள் டவுன் பஸ் கண்டக்டருக்குத்தான் காரையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. அந்தக் கடல் போட்டுவிட்டுப் போன சுண்ணாம்புக்கல்லுக்காகத்தான் இத்தனை சிமென்ட் ஆலைகளும், ரோட்டை அடைத்துக்கொண்டு போகும் இத்தனை லாரிகளும். பிள்ளைகளின் அப்பா வாங்கும் சம்பளமே அந்தச் சிப்பிகளின் புண்ணியம்.

ஆக, எங்கள் முதல் வருடப் பாடம் எது என்பதை நாங்கள் தேர்ந்தெடுக்கவே வேண்டியிருக்கவில்லை. கல். அறிவியலிலும் கல், வரலாற்றிலும் கல்.

ஒரு மத்தியானம் எப்படிப் போனது என்று சொல்கிறேன். லாரியிலிருந்து ரோட்டோரம் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்புக்கல் ஒன்றை எடுத்து வந்து அம்மியில் தட்டிப் பொடியாக்கினோம். பக்கத்தில் முட்டை ஓட்டுப் பொடி, செங்கல் பொடி, ஆற்று மணல், இரண்டு கடைகளில் வாங்கிய கோலப்பொடி. ஆறும் ஆறு எவர்சில்வர் கிண்ணங்களில். சின்னவன் வேலை, ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் வினிகர் ஊற்றுவது. ஏழு வயதுக்காரன் வேலை, பொங்குகிறதா இல்லையா என்று கட்டம் போட்டு எழுதுவது. மணல் கம்மென்று கிடந்தது, செங்கல்லும் அப்படியே. முட்டை ஓடும் சுண்ணாம்புக்கல்லும் நுரைத்தன. வேடிக்கை என்னவென்றால், ஒரு கடைக் கோலப்பொடி பொங்கியது, இன்னொரு கடைப்பொடி பொங்கவில்லை. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே விலை. "அப்போ இது வேற கல்லு" என்று பெரியவள் சொன்னாள். நான் அதுவரை வாயைத் திறக்கவில்லை.

அப்புறம் அவளுக்கென்று தனியாக ஒன்று. என் மாமியாரின் வெற்றிலைச் சுண்ணாம்பில் கொஞ்சம் எடுத்துத் தண்ணீரில் கலக்கி, ராத்திரி முழுக்கத் தெளிய விட்டு, மேலே நின்ற தண்ணீரை மட்டும் மெல்ல வேறு டம்ளரில் இறுத்துக்கொண்டோம். அதில் உறிஞ்சுகுழலை விட்டு ஊதினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் பால்போல வெளுத்துவிடும். நம் மூச்சில் இருக்கும் கரியமில வாயு சுண்ணாம்போடு சேர்ந்து மறுபடியும் சுண்ணாம்புக்கல் ஆகிறது, அவ்வளவு பொடிசாக. சூளையில் கல்லைச் சுடும்போது வெளியே போன வாயுதான் திரும்பி வருகிறது. பழைய சுண்ணாம்புக் காரை பூசிய சுவர் வருடம் போகப் போக இறுகுவதும் இதனால்தான். (உறிஞ்சக் கூடாது, ஊதத்தான் வேண்டும், சின்னப் பிள்ளைகளிடம் இதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விபரீதம்.) அன்று ராத்திரி சாப்பாட்டில் அவர்கள் அப்பா, சிமென்ட் செய்யும்போது சுண்ணாம்புக்கல்லோடு களிமண்ணைச் சேர்த்துச் சுமார் 1,450 டிகிரி வரை சூடேற்றுவார்கள் என்று சொன்னார். பெரியவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். சின்னவன் தன் கோலப்பொடிக் கிண்ணத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். இரண்டு பேரும் படித்தது ஒரே பாடம்தான்.

காரை கிராமத்தில் கிடக்கும் புதைபடிவங்களை நாங்கள் எடுத்து வருவதில்லை, இதையும் சொல்லிவிட வேண்டும். பார்ப்போம், வரைவோம், போட்டோ எடுப்போம், அங்கேயே விட்டுவிடுவோம். போகிறவர்கள் எல்லாம் ஆளுக்கொன்று பையில் போட்டுக்கொண்டால் நம் பேரப்பிள்ளைகளுக்கு வெறும் மண்தான் மிஞ்சும். சுருள் சுருளான ஓட்டோடு கடலில் வாழ்ந்து அழிந்துபோன அம்மோனைட் என்ற உயிரியின் படத்தை வீட்டில் காட்டியபோது அவர்கள் அப்பாயி, "பெருமாள் கோயில்ல வைப்பாங்களே, சாளக்கிராமம், அது மாதிரியில்ல இருக்கு" என்றார். சரியாகத்தான் சொன்னார். நேபாளத்து கண்டகி ஆற்றில் கிடைக்கும் சாளக்கிராமமும் அம்மோனைட் புதைபடிவம்தான். படிக்காத கிழவிக்கு என்ன தெரியும் என்று நினைக்கிற காலத்தில், அன்றைய பாடத்தை அவர்தான் முடித்து வைத்தார்.

காலம் என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டுவது? பத்து கோடி வருடம் என்றால் ஐந்து வயதுக்கு என்ன விளங்கும், எனக்கே விளங்காது. இதற்கு ஒரு நூல்கண்டு போதும். ஆயிரம் வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசற்படியில் நூலின் நுனியைக் கட்டி, அதுதான் இன்று என்று சொல்லுங்கள். கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயில் கட்டிய ராஜேந்திர சோழன் நுனியிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நிற்கிறார். கீழடியின் பழமை, கி.மு. ஆறாம் நூற்றாண்டு, இரண்டரை மில்லிமீட்டர் சொச்சம். ஸ்கேலில் இரண்டு கோட்டுக்கும் மூன்று கோட்டுக்கும் நடுவில். நம்மைப் போன்ற மனிதர்கள் தோன்றியது சுமார் மூன்று லட்சம் வருடம், 30 சென்டிமீட்டர், ஒரு முழு ஸ்கேல். திருவள்ளூர் மாவட்டம் அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் 15 லட்சம் வருடம், ஒன்றரை மீட்டர். வாசலைத் தாண்டி விட்டோம். டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் அழிந்த 6.6 கோடி வருடத்துக்கு முன்னால் போக 66 மீட்டர் நடக்க வேண்டும். காரையின் கடல் சுமார் 100 மீட்டர். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கிறதே 18 மீட்டர் நீள மரம், அது 120 மீட்டரில், எங்கள் தெருவைக் கடந்து மளிகைக் கடைக்கும் அப்பால். அந்த மரத்தைக் கண்டு சொன்னவர் எம்.எஸ். கிருஷ்ணன் என்ற நிலவியலாளர், 1940ல். அவரும் நூலில் நுனியை விட்டு நகரவே இல்லை.

தெருவில் நூலைப் பிடித்துக்கொண்டு போனதற்கு, பட்டம் விடப்போகிறீர்களா என்று நாலு பேர் கேட்டார்கள். பரவாயில்லை. நடுப்பையன் மட்டும் திரும்பி ஓடிப்போய் வாசற்படியைப் பார்த்துவிட்டு வந்து, "அப்போ ராஜேந்திரன் டைனோசரைப் பார்த்திருக்கவே மாட்டாராம்மா?" என்று கேட்டான். அதுவரை அவன் மனதில் 'அந்தக் காலம்' என்ற ஒரே அறையில் தாத்தா, காந்தி, ராஜா, டைனோசர் எல்லோரும் ஒன்றாகக் குடியிருந்திருக்கிறார்கள். நாத்தனார் கொண்டுவந்த புத்தகத்தின் உலகம் முழுவதும் இந்த நூலில் 6 மில்லிமீட்டர்.

வரலாற்றுக்கும் நாங்கள் ஊரை விட்டு வெகுதூரம் போகவில்லை. ஜெயங்கொண்டம் பஸ் பிடித்தால் கங்கைகொண்ட சோழபுரம். பெரிய கோபுரம், பெரிய நந்தி, பெரிய ராஜா என்று சொல்லி ஒரே நாளில் முடித்துவிடலாம். பெரும்பாலான பள்ளிச் சுற்றுலாவில் அதுதான் நடக்கிறது. நாங்கள் பல தடவையாகப் பிரித்துக்கொண்டோம். ஒரு முறை கோயில் மட்டும். ஒரு முறை அரண்மனை இருந்த மாளிகைமேடு மட்டும்: செங்கல் அடித்தளம்தான் மிச்சம், அங்கே தோண்டியபோது கூரை ஓடுகளும் சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. சாமிக்குக் கல்லும் ராஜாவுக்குச் செங்கல்லும் ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள், கேட்கும்வரை காத்திருங்கள். இன்னொரு முறை ஏரி மட்டும். ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கத்தைத் திருவாலங்காட்டுச் செப்பேடு, நீரால் ஆன வெற்றித்தூண் என்று பாடுகிறது. ஏரிக்குப் போய்வந்த வாரம் வீட்டில் பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே, நடுவே, கீழே என்று மூன்று ஓட்டை போட்டுத் தண்ணீர் நிரப்பினோம். அடி ஓட்டைத் தண்ணீர்தான் வேகமாகப் பீறிடும். ஏரிக்கரையை அடியில் அகலமாகவும் மேலே குறுகலாகவும் ஏன் போட்டார்கள் என்பதற்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை தேவைப்படவில்லை.

ராஜா கதையைப் பற்றி எனக்கு ஒரு கருத்து உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு வீரக்கதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பினார், 1025ல் கடாரத்தின் மேல் கப்பற்படை அனுப்பினார், சரி. கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலிலும் அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் சாளுக்கிய நாட்டிலிருந்தும் கலிங்கத்திலிருந்தும் போரில் கொண்டுவந்த சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றைக் காட்டியபோது என் நடுப்பையன், "அந்த ஊர்க்காரங்க சாமி இல்லாம என்ன பண்ணாங்க?" என்றான். நான் பதில் சொல்லவில்லை. ஏழு வயதுக்கு அந்தக் கேள்வி போதும். பெரியவளுக்கு இன்னொரு விஷயத்தில்தான் கோபம். 1836ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, இந்தக் கோயிலின் மதிற்சுவரை இடித்துக் கல்லை எடுத்துக்கொண்டு போனார்கள். "கோயிலை இடிச்சா அணை கட்டினாங்க?" என்று கொதித்தாள். அந்த அணையிலிருந்து வடவாறு வழியாகத்தான் வீராணத்துக்குத் தண்ணீர் போகிறது, அதில் நெல் விளைகிறது என்று அவள் அப்பா சொன்னார். சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் அவளே எழுதினாள். எந்த முடிவுக்கும் வரவில்லை. பெரியவர்களே வராத முடிவு.

புத்தகம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். தமிழ்நாட்டுப் பாடநூல்களையே வைத்திருக்கிறேன், ஆனால் வகுப்புப்படி வைக்கவில்லை. எல்லாம் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தேவையான பக்கங்களை மட்டும் அச்செடுத்து, கல் என்று ஒரு கோப்பு, நீர் என்று ஒரு கோப்பு. ஆறாம் வகுப்புச் சமூக அறிவியல், வரலாறு என்றால் என்ன என்ற கேள்வியிலேயே தொடங்குகிறது, அந்தப் பாடத்தைச் சத்தமாக வாசித்தால் ஏழு வயதுக்காரனும் கேட்பான். பிற்காலச் சோழர் ஏழாம் வகுப்பில் வருகிறது; பெரியவளை ஏழாம் வகுப்பு வரை காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நான் வாசிப்பேன். சின்னவன் படம் போட்டுவிட்டு அது என்ன என்று சொல்வான், நான் அடியில் எழுதிக்கொடுப்பேன். நடுவில் உள்ளவன் இரண்டு வரி. பெரியவள் ஒரு பக்கம், அதோடு அவளாகப் படித்துக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி. ஒரு புத்தகத்தையும் நாங்கள் முழுதாக முடித்ததில்லை. மறுமொழி எழுதிய ஆசிரியர் ஐயாவுக்கு இது பிடிக்காது என்று தெரியும்.

எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் முடிச்சுப் போடும் வியாதியும் வந்துவிடக் கூடாது. வரலாற்றில் சோழர் நடக்கிறது, ஆகவே பறவைகளிலும் சோழர் காலத்துப் பறவைதான் என்று சில அம்மாக்கள் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். எங்கள் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரி 2024ல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டிப் பறந்து அங்கே வந்து இறங்குகின்றன. அதைப் பார்க்கப் போகும் மார்கழிக் காலையில் ராஜேந்திரனுக்கு வேலை இல்லை. வாத்து போதும்.

சேர்ந்து படிப்பதற்கும் ஒரு வயது எல்லை உண்டு. என் பெரியவளுக்கு இப்போதே அலுப்புத் தட்டுகிறது. தம்பிகள் ஒரே கேள்வியை மறுபடி மறுபடி கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். வாரத்தில் சில மத்தியானங்களை அவளுக்கென்று ஒதுக்கிவிட்டேன். இன்னும் ஓரிரு வருடத்தில் வேதியியலும் இயற்பியலும் சமன்பாட்டோடு வரும், அப்போது அறிவியலும் படிக்கட்டாகிவிடும், அவள் தனியாகத்தான் ஏற வேண்டும். ஐந்து வயதையும் பதின்மூன்று வயதையும் சேர்த்து உட்கார வைக்க யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எட்டும் ஐந்தும் அழகான ஜோடி.

உங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. சிறுவர் இணைப்பில் விண்வெளி, டைனோசர், உலக அதிசயம் என்று போடுகிறீர்கள், பிள்ளைகள் கத்தரித்து ஒட்டுகிறார்கள், சந்தோஷம். வாரம் ஒரு மாவட்டம் என்று எடுத்து, அங்கே பஸ்ஸில் போய்ப் பார்க்கக்கூடிய ஒரு பாறை, ஒரு ஏரி, ஒரு கல்வெட்டு என்று போட்டால் என்ன? பள்ளிப் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன். அருங்காட்சியகங்களை நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், விளக்கப் பலகைகளை ஒரு மூன்றடி உயரத்திலும் வைக்கச் சொல்லுங்கள். ஓர் அருங்காட்சியகத்தில் என் சின்னவனைத் தூக்கித் தூக்கிக் காட்டியே இடுப்பு ஒடிந்துவிட்டது. அங்கேயே, எந்த ஸ்கூல் என்று கேட்டார்கள். வீட்டில்தான் படிக்கிறார்கள் என்றேன். அப்படியானால் மாணவர் சலுகை கிடையாதாம். படிக்கிற பிள்ளைகள்தானே என்று கேட்டதற்குச் சீருடை இல்லையே என்றார் டிக்கெட் கொடுத்தவர். சிரித்துவிட்டு முழுக் கட்டணத்தைக் கொடுத்தேன்.

கடைசியாக அந்த விழுப்புரம் அம்மாவுக்கு. அம்மா, உங்கள் பக்கத்திலேயே திருவக்கரை இருக்கிறது. அங்குள்ள கல்மரப் பூங்காவில் இருக்கும் மரங்கள் சுமார் 2 கோடி வருடத்துக்கு முந்தியவை. சொன்னெரா என்ற பிரெஞ்சுக்காரர் 1781லேயே அதைப் பற்றி எழுதியிருக்கிறார். உங்கள் நூல்கண்டில் அது 20 மீட்டரில் வரும், எங்களுக்குப் போலத் தெருவெல்லாம் நடக்க வேண்டியதில்லை. அதே ஊர்க் கோயில் சோழ அரசி செம்பியன் மாதேவி கல்லால் எடுப்பித்தது. ஆக, ஒரே நாளில் கல்லான மரமும் பார்க்கலாம், கோயிலான கல்லும் பார்க்கலாம். அடுத்தது செஞ்சிக்கோட்டை. ஐந்து வயதுக்கு ராஜகிரி உச்சி வரை வேண்டாம், கீழே இருக்கும் நெற்களஞ்சியமும் குளங்களும் போதும்.

ரோமோடு வாணிபம் நடந்த, புதுச்சேரிப் பக்கத்து அரிக்கமேட்டைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள், மிளகோடு சேர்த்து எடுக்கலாம். அஞ்சறைப் பெட்டியிலிருந்து நாலு மிளகை எடுத்துக் கையில் கொடுத்துத் தொடங்குங்கள். எகிப்தின் செங்கடல் கரையில் பெரனிகே என்ற பழைய துறைமுகத்தில், ஒரு கோயிலுக்குள் இந்தியப் பானை ஒன்றில் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. எகிப்து மன்னன் இரண்டாம் ராம்செஸின் மம்மியின் மூக்கிலும் மிளகு இருந்தது. அதே கரையில் குசேர் அல் கதீம் என்ற இன்னொரு பழைய துறைமுகத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கண்ணன், சாதன் என்ற பெயர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்தில் கீறியிருக்கின்றன. எகிப்தையும் ரோமையும் இப்படி நம் கரையிலிருந்து போய்ப் பிடித்தால், அந்த அமெரிக்கப் பெட்டியின் வரலாற்றுப் புத்தகத்தைக்கூடத் தாராளமாகப் பயன்படுத்தலாம். நாங்கள் அடுத்த வருடம் அதைத்தான் எடுக்கிறோம். புத்தகம் வேண்டுமானால் ஆசிரியர் வழியாகக் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன், படித்துவிட்டுத் திருப்பினால் போதும். திருவக்கரைக்கு மட்டும் காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் பாட்டிலை மறக்காதீர்கள். வெயில் ஏறினால் கல்மரம் கையை வைக்க முடியாதபடி கொதிக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அரியலூர்.